தலை தட்டி மூன்று கப்

"ஏன் அண்ணி, இந்த வீட்டுல சாப்பாடு போடுறீங்களா, இல்ல கணக்குப் பாடம் நடத்துறீங்களா?"

நாத்தனார் இப்படிக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அன்று மேசையில் மகள் பட்டாணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தராசு, தராசின் மேல் ஒரு ஆப்பிள் துண்டு. அதில் ஒரு நறுக்கை வெட்டி எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தாள் தாய்க்காரி. நாத்தனார் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் அது சுருக்கென்று தைத்துவிட்டது.

"கணக்கு தப்பினா உன் அண்ணன் மக கண்ணு முழிக்க மாட்டா" என்று பதில் சொன்னாள் அவள். நாத்தனாரின் சிரிப்பு அங்கேயே அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவள் வெறுங்கையை வீசிக்கொண்டுதான் வந்தாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது என்று அண்ணனே 'வாயாடி' என்று கூப்பிடுகிற ஆள், அண்ணி சமையலறையில் இருந்தால் கூடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள்.

பட்டாணிக்கு ஆறு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி மாத்திரையில் அடங்குகிற நோய் இல்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் ஊசி போட வேண்டும். உள்ளே போகப் போகிற மாவும் இனிப்பும் எவ்வளவோ, அதற்குச் சரியாக மருந்து. மருந்து குறைந்தால் சர்க்கரை ஏறும். அதையாவது பிறகு சமாளிக்கலாம். மருந்து கூடிவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். அப்படி இறங்கிய ஒரு காலையில் பட்டாணி தன் பெயரையே மறந்துபோய் விழித்ததைத் தாய்க்காரி பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து பிறத்தியார் கையால் மகளுக்கு ஒரு பிஸ்கட் கூட வாங்கவில்லை.

அவளுக்குக் கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிற வேலை. பெட்டியைத் தூக்கும்போதே இது இவ்வளவு இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிடும். வீட்டில் மட்டும் அந்தக் கையை அவள் நம்புவதில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட அன்று பட்டாணி ஒற்றைக் காலில் நின்றாள். அத்தை கையால் கேக் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவளுடைய அத்தை செய்ததைச் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாளாம். கணவன் மகளையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்துப் பழகிய பார்வை அது.

கடைசியில் அவளே நாத்தனாருக்குப் போன் செய்தாள். "நாளைக்கு இங்க வந்து கேக் பண்ணு. சர்க்கரை போடக் கூடாது. வெல்லம், தேன் எதுவும் கூடாது. உலர் திராட்சை மட்டும் போதும். எல்லாத்தையும் தராசுல வெச்சு எழுதிக்கோ. தராசு மேல் தட்டுல இருக்கு."

"சரி அண்ணி. நான் பாத்துக்கறேன் அண்ணி." அந்தக் குரலில் இருந்த துள்ளல் போனைத் தாண்டி வந்தது.

மறுநாள் மதியம் வேலை முடிந்து வந்தபோது படிக்கட்டிலேயே மணம் எதிரே வந்தது. வெண்ணெயும் வெந்த பழமும் கலந்த மணம். உள்ளே நுழைந்தால் சமையலறை பளிச்சென்று இருந்தது. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மேடை துடைத்தாகிவிட்டது. கேக் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. பட்டாணி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த கணவன், தங்கை கொண்டுவந்திருந்த உலர் திராட்சை டப்பாவைத் திறந்து வாயில் ஒவ்வொன்றாக எறிந்துகொண்டிருந்தான்.

"எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டாள் அவள், செருப்பைக் கழற்றும் முன்னே.

நாத்தனார் முந்தானையில் கையைத் துடைத்தாள். "தராசுல நம்பரே வரல அண்ணி. அமுக்கிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், செத்துப்போன மாதிரி கெடந்துச்சு. குழந்தை வேற பசிக்குது பசிக்குதுன்னா. கப்புல அளந்துட்டேன். எனக்குக் கப்புதானே கை வரும்."

அவள் தராசை இறக்கி, பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்தாள். நம்பர் வந்தது.

"அய்யோ" என்றாள் நாத்தனார்.

தொழிலாளர் விடுதியில் சமையல் செய்கிறவள் அவள். அங்கே எல்லாமே கப்பும் கரண்டியும்தான். இதைச் சொல்லிக் கத்துவதா, கேக்கைத் தூக்கிக் குப்பையில் போடுவதா என்று தாய்க்காரிக்குப் புரியவில்லை. பட்டாணி கேக்கை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பார்க்கத் தெரிந்திருக்கக் கூடாது.

"எந்தக் கப்பு?"

"இதோ, இது."

"மாவு எத்தனை?"

"ரெண்டு."

"சலிச்சுட்டு அளந்தியா, அளந்துட்டுச் சலிச்சியா?"

"அளந்துட்டுத்தான் சலிச்சேன்."

"திராட்சை?"

"மூணு."

"தலை தட்டியா, குவிச்சா?"

"தலை தட்டித்தான் அண்ணி. கத்தியால வழிச்சு விட்டேன்."

"அமுக்கினியா?"

"அமுக்கல."

"இந்த டப்பாவுல இருக்கே, இதே பழம்தானே?"

"அதே பழம்தான். ஒரே கடை, ஒரே நாள் வாங்கினது."

"போலீஸ்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று கணவன் சிரிக்கப் பார்த்தான். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

அவள் டப்பாவை அவனிடமிருந்து பிடுங்கினாள். அதே கப்பில் உலர் திராட்சையை நிரப்பி, கத்தியால் வழித்து, தராசில் கொட்டினாள். எடையைப் பார்த்தாள். மறுபடியும் நிரப்பினாள். ஒவ்வொரு முறையும் எடை கொஞ்சம் முன்னே பின்னே வந்தது. பழம் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற வாகைப் பொறுத்தது அது. நடுவில் நிற்கிற எடையை எடுத்துக்கொண்டு மூன்றால் பெருக்கினாள். மாவையும் அப்படியே. பிறகு கேக் முழுவதையும் தராசில் வைத்தாள். மொத்தத்தில் இவ்வளவு இனிப்பு என்றால் ஒரு துண்டில் எவ்வளவு என்று கணக்குப் போட்டாள். இரண்டாவது தடவை போட்டுப் பார்த்தாள். அதே விடை வந்தது.

"அம்மா, எனக்கு ஓரத் துண்டு. மொறுமொறுன்னு இருக்குமே, அது" என்றாள் பட்டாணி.

துண்டை வெட்டி நிறுத்தாள். ஊசியில் மருந்தை ஏற்றினாள். எப்போதும் போடுவதைவிடக் கூடத்தான். உலர் திராட்சையில் அவ்வளவு இனிப்பு இருக்கிறது. பட்டாணி சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டிக்கொண்டே கேக்கைப் பார்த்துச் சிரித்தாள். மருந்து உள்ளே போனது.

முதல் வாய் கடித்ததும் பட்டாணி கண்ணை மூடினாள். "அத்தை, நீ எங்க வீட்டுக்கே வந்துடு."

"உங்கம்மா என்னைத் தராசுல நிறுத்துப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க" என்றாள் நாத்தனார். அன்றைக்கு முதல்முறையாக அவளும் சிரித்தாள். அண்ணிக்குமே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் அண்ணியின் தட்டில் இன்னொரு துண்டை வைத்தாள், கேட்காமலே. அவளும் தடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் இருக்கும். வராந்தாவில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த பட்டாணி உள்ளே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, என் கால் வேற யாரோ காலு மாதிரி இருக்கு."

மூக்கின்மேல் பொடிப்பொடியாக வியர்வை. உதட்டில் ரத்தமே இல்லை. அவள் ஓடிப்போய்ச் சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். கருவியில் வந்த எண் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தாள். கணவன் மகளை மடியில் தாங்கிக்கொண்டான். நாத்தனார் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குடித்த பிறகு கால் மணி நேரம் பொறுத்துத்தான் மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் கால் மணி நேரம் நகர மறுத்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

மறுபடி குத்தினாள். எண் ஏறவில்லை. இன்னும் இறங்கியிருந்தது.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸ் நிதானமாகப் பேசினாள். "முழிச்சிருக்காளா? விழுங்குறாளா? அப்ப பயப்படாதீங்க. மறுபடி குளுக்கோஸ் கொடுங்க. ஆனா என்ன சாப்பிட்டா, எவ்வளவு சாப்பிட்டான்னு சரியாச் சொல்லுங்க. போட்ட மருந்துக்கும் சாப்பிட்டதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சாத்தான் இன்னும் எவ்வளவு இறங்கும்னு சொல்ல முடியும். கண்டபடி ஊத்திக் கொடுத்து வாந்தி எடுத்துட்டா, அப்புறம் வாய் வழியா எதுவுமே கொடுக்க முடியாது. அஞ்சு நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுங்க."

இரண்டாவது டம்ளரைக் கணவனிடம் கொடுத்துவிட்டு அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு போட்டே?"

"மூணு கப்பு அண்ணி."

"உண்மையச் சொல்லு."

"சத்தியமா மூணு."

"மூணு போட்டிருந்தா இவளுக்கு இப்படி இறங்காது. என் கணக்கு தப்பாது. ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். நீ குறைச்சுப் போட்டிருக்கே. அண்ணிக்குப் பயந்து, இனிப்பு கூடிடுமோன்னு குறைச்சுப் போட்டுட்டு, வாய் கூசாம மூணுன்னு சொல்றே."

"இல்ல அண்ணி…"

"பொய் சொல்லாதே! என் பொண்ணு உசுரு இது. உன் ஹாஸ்டல் சாம்பார் இல்ல, தண்ணிய ஊத்தி நிரவிடறதுக்கு!"

"கத்தாதே" என்றான் கணவன்.

அவள் நிறுத்தவில்லை. நாக்கில் நரம்பில்லாமல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. பட்டாணி அப்பாவின் மடியிலிருந்து இருவரையும் பார்த்தாள். அவளுடைய விரல்கள் அத்தையின் சுண்டு விரலைச் சுற்றி இறுகின. வாயிலிருந்த குளுக்கோஸ் தண்ணீரை விழுங்காமல் அழ ஆரம்பித்தாள், கடைவாயில் வழிந்தது.

நாத்தனார் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டுதான் போட்டேன்" என்றாள்.

கத்தல் நின்றது. பட்டாணி விக்கிவிக்கி விழுங்கினாள்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. கை மடமடவென்று கணக்குப் போட்டது. நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள்: ஒரு கப் குறைவு, துண்டுக்கு இவ்வளவு. நர்ஸும் கணக்குப் பார்த்து, இன்னும் இவ்வளவு குளுக்கோஸ் போதும் என்றாள். போனை வைத்துவிட்டு நாத்தனாரைப் பார்க்காமலே சொன்னாள்: "இனிமே இவளுக்கு நீ ஒரு வாய் தண்ணி கூடக் கொடுக்க வேண்டாம்."

சொன்ன அளவு கொடுத்தார்கள். எண் கொஞ்சம் ஏறியது. பட்டாணியின் உதட்டில் நிறம் வந்த மாதிரி இருந்தது. கணவன் பெருமூச்சு விட்டு சுவரில் சாய்ந்தான்.

அடுத்த முறை குத்தியபோது எண் மறுபடியும் கீழே வந்திருந்தது. முதலில் பார்த்ததைவிடக் கீழே.

"தூக்கம் வருது" என்றாள் பட்டாணி.

"தூங்கக் கூடாதுடா கண்ணா. இங்க பாரு. அம்மாவப் பாரு. உன் பேரு என்ன?"

பட்டாணி யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள்.

கணவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "வா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." அவள் மறுபடி நர்ஸைக் கூப்பிட்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள். நர்ஸ் மறுபடியும் கேட்டாள், அளவு நிச்சயம்தானா என்று.

"ரெண்டு கப்புன்னா இறங்கறது இந்நேரம் நின்னிருக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேசையிலிருந்த டப்பாவை எடுத்து ஆட்டினாள். "இது ஒரு கப்பு இவ்வளவு எடை. ரெண்டு கப்புன்னா…"

"இது எதுக்கு?" என்றான் கணவன். "இது எனக்குக் கொறிக்கன்னு கொண்டு வந்தது. கேக்குல போட்டது இது இல்ல."

"அதே பழம்னு சொன்னாளே!"

"அதே பழம்தான். நேத்து வேலைக்குப் போற வழியில அவ வீட்டுக்குப் போனப்ப பாத்தேனே. ராத்திரிக்கு ஊறப் போட்டிருந்தா. ஒண்ணொண்ணும் உப்பிப்போயி, மூடியே மேல எழும்பி நின்னுச்சு."

அவள் டப்பாவை வைத்துவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ஊற வெச்சு அளந்தியா, அளந்து ஊற வெச்சியா?"

நாத்தனாரின் உதடு வறண்டு ஒட்டியிருந்தது. "ஊற வெச்சு, வடிச்சு, அப்புறம்தான் அளந்தேன். எங்க ஹாஸ்டல்ல அப்படித்தான் அண்ணி. உப்பினதுக்கு அப்புறம் அளந்தாத்தான் எல்லார் தட்டுலயும் கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு விழும்."

"எத்தனை கப்பு? சும்மா சொல்லு, நான் கத்தலை. எத்தனை?"

"மூணு."

கப்புக்குள் பாதி இடத்தைத் தண்ணீர் அடைத்திருந்தது. மூன்று கப் என்றால் உண்மையில் ஒன்றரைதான். அந்தத் தண்ணீருக்கும் சேர்த்து மகளுக்கு மருந்து போட்டிருந்தாள் அவள். மாவைச் சலிக்கும் முன்னா பின்னா என்று கேட்டவளுக்குப் பழத்தைப் பற்றி அதே கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை. உலர்ந்த பழம் கண் முன்னால் டப்பாவில் இருந்ததே, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

"திராட்சை பாதிதான் உள்ள போயிருக்கு" என்று போனில் சொன்னாள். குரல் யாருடையதோ போல ஒலித்தது. "மீதிப் பாதிக்குப் போட்ட மருந்து வேலை இல்லாம உள்ள நிக்குது."

நர்ஸின் குரலில் அதுவரை இருந்த நிதானம் போனது. இவ்வளவு கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், விழுங்குவதைப் பார்த்துக் கொடுங்கள், கண் செருகினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஓடி வாருங்கள் என்றாள். நாத்தனார் கரைத்தாள். கணவன் தாங்கினான். அவள் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை அசைகிறதா என்று பார்த்தாள். மூன்று பேரும் ஒரே மூச்சை இழுத்துப் பிடித்திருந்த மாதிரி இருந்தது. கீழே வண்டிக்காரன் எப்போதோ போய்விட்டிருந்தான்.

எண் ஏறியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு கீழே வரவில்லை.

"எனக்குப் பசிக்குது" என்றாள் பட்டாணி. "அத்தை, ஓரத் துண்டு இன்னொண்ணு இருக்கா?"

கணவன் சிரித்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாடி, உன்னை என்ன பண்றது" என்று அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கட்டிலில் படுக்க வைத்து ஏதோ பேச்சுக் கொடுப்பது கேட்டது. சின்னக் குரல் கீச்சுக் கீச்சென்று பதில் சொன்னது.

சமையலறையில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். நாத்தனார் டம்ளர்களைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். அண்ணி மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊற வெச்சதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு நான் கேட்டிருக்கணும்" என்றாள்.

குழாயில் தண்ணீர் ஓடியது.

"நீ மூணு கப்புதான் போட்டிருக்கே. நான் கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கே."

நாத்தனார் குழாயை மூடினாள்.

"அப்புறம் ஏன் ரெண்டுன்னு சொன்னே? அந்த ரெண்டை நம்பித்தானே நான்…" பட்டாணியின் விரல்கள் இறுகியதும், கடைவாயில் வழிந்ததும், நாத்தனார் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்ததும் வரிசையாகக் கண் முன் வந்தன. தன்னுடைய கத்தலை நிறுத்த அந்தப் பொய்யை விட்டால் அவளிடம் அப்போது வேறு என்ன இருந்தது?

"இந்தா, இரு. காபி போடறேன். குடிச்சிட்டுப் போ."

நாத்தனார் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கொக்கியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டாள். படுக்கையறை வாசலில் ஒரு நிமிஷம் நின்று எட்டிப் பார்த்தாள், உள்ளே போகவில்லை. திரும்பி வந்து, அண்ணியின் முகத்தை நேராக ஒரு தடவை பார்த்தாள். காபிக்கு அவள் நிற்கவில்லை. கதவைத் திறந்து, செருப்பைக் காலில் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.